வாசலில் கணக்கை ஒட்டுங்கள், அப்புறம் நஷ்டம் பேசலாம்

வட சென்னையில் எங்கள் ஏரியா உள்விளையாட்டரங்கத்து வாசலில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பையும் ஷூவுமாக வெளியே நிற்கிறார்கள், உள்ளே ஏதோ விழாவுக்குப் பந்தல்காரர் ஆட்கள் நாற்காலி இறக்குகிறார்கள். இது என்ன முதல் தடவையா, அதைக்கூட விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது, அந்த அதிகாரி சார் வெளியே வந்து சொன்ன ஒரு வரி. "அரங்கமே நஷ்டத்துல ஓடுது, நீங்க எல்லாம் ஓசியிலயே ஆடிப் பழகிட்டீங்க."

சரி சார். எவ்வளவு நஷ்டம்?

அங்கேயே இதைக் கேட்டோம். "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கு" என்றார். ஆபீசில் கேட்டால் மேலே இருக்கிறது என்றார்கள். மேலே என்றால் மாடியா, வேறு ஊரா, வானமா என்று யாருக்கும் தெரியவில்லை. மக்கள் பணத்தில் கட்டிய கட்டடம், மக்கள் பணத்தில் கரண்ட் பில் கட்டும் கட்டடம். அதன் வரவு செலவு மட்டும் மக்கள் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. ஆனால் நஷ்டம் மட்டும் மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கிறது.

நான் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறவன். பெரிய ஆடிட்டர் இல்லை. ஆனாலும் நஷ்டம் என்று ஒருவர் சொன்னால் கை தானாகப் பேனாவைத் தேடும். எந்த வருஷத்து நஷ்டம்? மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் கூரைத் தகடு மாற்றினார்களே, அந்தச் செலவு மொத்தத்தையும் ஒரே வருஷத்துத் தலையில் கட்டினீர்களா, இல்லை பல வருஷத்துக்குப் பிரித்தீர்களா? மரத்தளத்துக்குத் தேய்மானம் எழுதினீர்களா? அதை மாற்றுவதற்கென்று தனியாக ஏதாவது எடுத்து வைக்கிறீர்களா, அல்லது பெயர்ந்த பிறகுதான் நிதி கேட்டுக் கடிதம் எழுதுவீர்களா? பார்க்கிங் வசூல் எந்தத் தலைப்பில் வருகிறது? கேன்டீன் குத்தகை? சுற்றுச்சுவர் முழுக்க விளம்பரப் பலகை நிற்கிறதே, அந்தக் காசு அரங்கத்துக்கு வருகிறதா, வேறு துறைக்குப் போகிறதா?

இதைவிட முக்கியமானது ஒன்று. அரசு விழா, துறை விழா, பாராட்டு விழா என்று வருஷத்தில் எத்தனையோ நாள் அரங்கம் பூட்டப்படுகிறது. அந்த நாட்களுக்கு வாடகை யார் கட்டினார்கள்? கட்டவில்லை என்றால், அது அரங்கம் அந்தத் துறைக்குக் கொடுத்த சலுகை. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை எழுதுங்கள். இவ்வளவு ரூபாய் வாடகை வரவேண்டியது, இன்ன துறைக்காக விட்டுக்கொடுத்தது என்று ஒரு வரி. அந்த வரி இல்லாமல் நஷ்டத்தைக் கூட்டினால், மேடை போட்டவன் செலவு பந்து ஆடுகிற பிள்ளை பெயரில் ஏறும்.

மேடை போட்டவுடன் தளத்துக்கு என்ன ஆகிறது என்பது அங்கே ஆடுகிறவர்களுக்குத் தெரியும். நாற்காலிக் கால் கீறல், டேப் ஒட்டிய பிசின், எங்கேயோ சிந்திய கூல்டிரிங்க்ஸ். என் அக்கா பெண் அங்கே வாலிபால் ஆடுகிறாள். போன தடவை விழா முடிந்த மறுநாள், அந்தப் பிசினில் ஷூ ஒட்டி முட்டியில் தோல் போய் வந்தாள். "மாமா, கோடே தெரியல, டேப்தான் தெரியுது" என்றாள். விழா நடத்துகிறவர்களிடம் முன்பணம் வாங்குவார்கள். அதில் சேதத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள், எப்போதாவது பிடித்தார்களா? கணக்கு காட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது ஏப்ரல் 14-க்குத் தெருவில் ஃபுட்பால் டோர்னமென்ட் நடத்துவோம். ரயில்வே லைன் ஓரத்து மைதானம், அதை மைதானம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். கடை கடையாக வசூல். முடிந்த மறுநாள் கேரம் கிளப் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டியாக வேண்டும். கப், பந்து, கோடு போடச் சுண்ணாம்பு, ரெஃப்ரிக்கு சாப்பாடு, மைக் செட், எல்லாமே ஸ்கெட்ச் பேனாவில். ஒரு வருஷம் சுண்ணாம்புக் கணக்கில் அறுபது ரூபாய் இடித்தது. பிரியாணி சாப்பிட்ட கையோடு எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். "இன்னாபா இது, ரெண்டு மூட்டைன்னு எழுதிக்கீது, நான் ஒண்ணுதான் பாத்தேன்" என்று பால்காரர் எழுந்து நின்றார். அவர் கொடுத்தது அம்பது ரூபாயோ என்னவோ. ஆனால் கேட்க அவருக்கு உரிமை இருந்தது, பதில் சொல்ல எங்களுக்குக் கடமை இருந்தது. எங்களில் பாதிப் பேர் எட்டாவதுகூட முடிக்காதவர்கள். எங்களால் முடிந்தது, கம்ப்யூட்டரும் கணக்குப் பிரிவும் தணிக்கையும் வைத்திருக்கிறவர்களால் முடியவில்லையாம்.

இப்போது எனக்கு இன்பாக்ஸில் வகுப்பெடுக்கும் நண்பர்களுக்கு வருகிறேன்.

"எல்லாத்தையும் இலவசமாவே கேட்டா எப்படி?" நான் எங்கே கேட்டேன்? கம்பெனி விழாவுக்கு, கச்சேரிக்கு, கண்காட்சிக்கு நல்ல வாடகை வாங்குங்கள், கூட்டியே வாங்குங்கள். அந்தப் பணம் காலை ஆறு மணிக்கு வருகிற பிள்ளையின் விளக்கை எரிய வைக்கட்டும். அப்படியும் பற்றாக்குறை வந்தால் அரசு ஈடு கட்டட்டும், அதையும் எழுதி வைக்கட்டும். இது ஒன்றும் நான் கண்டுபிடித்தது இல்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்கள் டிக்கெட் இல்லாமல் போகிறார்கள். அதற்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாகத் தருகிறது, பட்ஜெட்டில் அது தொகையோடு வருகிறது. அதற்காக எந்தக் கண்டக்டராவது "உங்களாலதான் பஸ் நஷ்டம்" என்று என் அம்மாவிடம் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-லேயே சட்டம் போட்டு, சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற தாத்தாவிடம் யாரும் லாபம் கேட்பதில்லை. பந்து ஆடுகிற பெண்ணிடம் மட்டும் ஏன்?

"தனியாரிடம் கொடுத்தால் பாத்ரூமாவது சுத்தமாக இருக்கும்" என்கிறார் ஒரு தோழர். இருக்கலாம். பாத்ரூம் கழுவ டெண்டர் விடுங்கள், அரங்கத்தையே ஏன் விடவேண்டும்? இதற்கு மேல் இதில் பேச எனக்குப் பொறுமை இல்லை.

2024 அக்டோபர் மறந்துபோச்சா? சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைப்பதாகத் தீர்மானம் போட்டது. தலைக்கு மணிக்கு 120 ரூபாய். பக்கத்துக்கு ஐந்து பேர் என்று வைத்தால்கூட ஒரு மணி நேரத்துக்கு 1,200. வியாசர்பாடியில் எந்த வீட்டுப் பையன் தினம் அதைக் கொடுத்து ஆடுவான்? ஊரே கத்தியதும் கட்டணம் கிடையாது என்று பின்வாங்கினார்கள். நல்லது, நன்றி. ஆனால் பின்வாங்கிய பிறகாவது அந்தத் திடல்களுக்குப் பராமரிப்புச் செலவு எவ்வளவு என்று வாசலில் ஒரு போர்டு வந்ததா? நான் பார்க்கும் திடலில் இல்லை. கணக்கு இருந்திருந்தால் அந்த 120 எங்கிருந்து குதித்தது என்றாவது புரிந்திருக்கும்.

"உலகம் முழுக்க ஸ்டேடியம் நஷ்டம்தான் தம்பி" என்று படித்த அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். உண்மை அண்ணே. 1976 ஒலிம்பிக்குக்கு மான்ட்ரியலில் கட்டிய அரங்கத்தின் கடன் 2006-ல்தான் தீர்ந்தது. முப்பது வருஷம், அதில் பெரிய பங்கு சிகரெட் வரியில் போனது. ஆனால் எவ்வளவு கடன், எந்த வரியில் அடைபடுகிறது என்று அந்த ஊர்க்காரனுக்குத் தெரியும். திட்டினான், தெரிந்து திட்டினான். நமக்குத் திட்டுவதற்குக்கூட ஒரு தொகை கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் நிற்கிற இடத்தில் முன்பு இருந்தது மாநகராட்சி மைதானம். பேரே கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான கிரிக்கெட் டெஸ்டில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடித்தது அங்கேதான், 2008 வரைக்கும் யாரும் அதைத் தாண்டவில்லை. மரத்தில் ஏறிப் பார்த்ததாக என் தாத்தா சொல்வார். எவ்வளவு நிஜம் என்று தெரியாது, தாத்தா எல்லா மேட்சையும் மரத்தில் ஏறித்தான் பார்த்திருக்கிறார். பிறகு தொண்ணூறுகளில் அதைப் புதிதாகக் கட்டி, 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடத்தினார்கள். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவும் அங்கே உள்ளரங்கத்தில்தான். ஊரே பெருமைப்பட்டது, நானும்தான். விழா என்றால் அது ஊரின் சொத்து. எங்கள் பிள்ளை பயிற்சிக்குப் போனால் அதே மாதிரி ஒரு கட்டடம் திடீரென்று நஷ்டக் கணக்காகிவிடுகிறது, இது எப்படி என்றுதான் புரியவில்லை.

"வட சென்னையில் இதெல்லாம் இல்லாமலே சாம்பியன் வரவில்லையா?" இதைக் கேட்டவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார் போலிருக்கிறது. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. வியாசர்பாடி இளவழகி 2008-ல் கேரம் உலக சாம்பியன். 2024-ல் அதே கேரத்தில் காசிமா அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கினார், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். வந்தார்கள். எதில் வந்தார்கள் பாருங்கள். கேரத்துக்கு ஒரு போர்டும் ஒரு டியூப் லைட்டும் இருந்தால் போதும், பத்துக்குப் பத்து ரூமில் ஆடலாம். குத்துச்சண்டைக்கு ஒரு கொட்டகை போதும் என்று நம் ஆட்கள் காட்டிவிட்டார்கள், அந்தப் பரம்பரைகளை சினிமாவில் பார்த்து நீங்களும் விசில் அடித்தீர்கள். பேட்மின்டனை எங்கே ஆடுவது? காசிமேட்டுக் கடற்காற்றில் ஷட்டில் நிற்குமா? வாலிபாலுக்கு உயரமான கூரை வேண்டாமா? இடம் இல்லாமல் வளரக்கூடிய ஆட்டத்தில் மட்டும் நாம் வளர்ந்தோம். மற்ற ஆட்டத்தில் திறமை இருந்து வெளியே தெரியாமல் போன பிள்ளைகளை எந்தப் பேரேட்டில் எழுதுவது? அதுவும் நஷ்டம்தானே சார்?

கொடுங்கையூரில் ஊர்க் குப்பையைக் கொட்ட இடம் இருந்தது. அதனால் எவ்வளவு லாபம் என்று எங்களிடம் யாரும் பங்கு கொடுக்கவில்லை. அனல்மின் நிலையம் இங்கே, எண்ணெய் ஆலை இங்கே, உரத் தொழிற்சாலை இங்கே. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோது மீனவர்கள்தான் கையால் அள்ளினார்கள். அந்தக் கரண்டும் பெட்ரோலும் மொத்த ஊருக்கும். ஒருநாளும் "நீங்க எல்லாம் எங்க காத்த ஓசியில கெடுத்துப் பழகிட்டீங்க" என்று நாங்கள் தென்சென்னை வாசலில் போய் நிற்கவில்லை. ஒரு கூரை, ஒரு மரத்தளம், எட்டு விளக்கு. அதற்குத்தான் ஓசி என்ற பேச்சு.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். இருக்கட்டும், அழிக்கப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டாயம் வரும். "நீ எந்தக் கட்சி?" வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை 2024-ல் தங்கசாலையில் தொடங்கியபோது இதே பக்கத்தில் வாழ்த்தி எழுதியவன் நான். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அறிவித்தபோதும் ஷேர் பண்ணியவன் நான். போய்ப் பாருங்கள், பதிவு இருக்கிறது. கட்டுவதை வரவேற்றவனுக்குக் கணக்கு கேட்க உரிமை கிடையாதா? கட்டுகிற ஒவ்வொரு அரங்கத்துக்கும் முதல் நாளிலிருந்தே வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தாள். என்ன வந்தது, என்ன போனது, எத்தனை நாள் ஆட்டத்துக்குத் திறந்திருந்தது, எத்தனை நாள் விழாவுக்குப் பூட்டியிருந்தது, அந்த நாட்களுக்கு யார் என்ன கட்டினார்கள். ஒரே ஒரு தாள். அதைப் பார்த்த பிறகு மாதக் கட்டணம் ஐம்பது ரூபாய் கூட்ட வேண்டும் என்று நியாயம் தெரிந்தால், என் அக்காவே முதல் ஆளாகக் கட்டுவாள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4, இதையெல்லாம் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. கேட்டும் கொடுக்காத இடத்தில் அதைச் சொல்லிப் பயனில்லை என்பதால் மனுவாகவே எழுதிவிட்டேன். மேலே எழுதிய கேள்விகள்தான், எண் போட்டு, ஏச்சையெல்லாம் நீக்கிவிட்டு. முப்பது நாளில் பதில் தரவேண்டும். மாதிரி மனுவை முதல் கமென்ட்டில் போடுகிறேன். ஒரே ஆள் அனுப்பினால் கோப்பில் தூங்கும், அதனால் அவரவர் பெயரில், அவரவர் ஏரியா அரங்கத்துக்குக் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட மறக்காதீர்கள். அதையும் ஓசியில் கேட்டோம் என்று சொல்லிவிடப் போகிறார்கள்.