1948 லண்டன்: விட்டுப்போன ஒரு பக்கம்

சுதந்திரம் கிடைத்து ஆறு மாதம்கூட ஆகாத இலங்கை லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இறங்கியதைப் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. டங்கன் வைட் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் 51.8 செக்கனில் வந்து வெள்ளி வென்றதை நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் கண்டி ட்ரினிட்டி கல்லூரி மாணவர் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மலைநாட்டுக்காரர் எங்களுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை உண்டு, கெடுக்காதீர்கள்!

இன்னொன்று. அந்த வெள்ளி ஜூலை கடைசியில். அதே வருடம் நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளியினரான தேயிலைத் தோட்டத்துத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம் அது. நாட்டின் முதல் பதக்கத்துக்குக் கை தட்டியவர்களுக்கு வருடம் முடிவதற்குள் அது எந்த நாட்டுப் பதக்கம் என்றே தெரியாமல் போய்விட்டது. இதைச் சொல்லாமல் 'தேசமே கொண்டாடியது' என்று எழுதினால் எப்படி?

நாட்டின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2000 சிட்னியில், சுசந்திகா ஜயசிங்க. இடையில் 52 வருடம். ஹட்டன் பக்கம் வந்து எங்கள் தோட்டத்து மைதானத்தைப் பாருங்கள், காரணத்தில் பாதி விளங்கும். ஒரு பக்கம் சரிவு. பந்து உருண்டால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். 200 மீற்றர் ஓடுபாதைக்கே இடமில்லை. விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் இன்னும் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள். அதிலும் மழைக்காலமென்றால் சொல்லவே வேண்டாம்.

வைட் 1950இல் ஆக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் (இன்றைய பொதுநலவாய விளையாட்டு விழா) தங்கமும் வென்றார். அதையும் சேர்த்து எழுதுங்கள்.