முகத்தில் பூசும் ஃபவுண்டேஷனை இரண்டு ஷேடு வெளுப்பாக வாங்காதீர்கள்

"மாநிறமா இருக்கிறவங்க ரெண்டு ஷேடு வெளுப்பா ஃபவுண்டேஷன் போட்டாத்தான் எடுப்பா இருக்கும், மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்குங்க" என்று ஒரு சகோதரி சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு. கல்யாணத்துக்கு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம்.

ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கருப்பு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்து வருவது. ஷேடு வெளுக்க வெளுக்க அந்த வெள்ளை கூடும். மாநிறத் தோலில் அது சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும். ஃபிளாஷ் அடித்தால் முகம் தனி, கழுத்து தனி.

மணிக்கட்டும் முகமும் பலருக்கு ஒரே நிறம் இல்லை. தாடை ஓரத்திலிருந்து கழுத்துவரை இரண்டு மூன்று ஷேடுகளைக் கோடாக இழுங்கள். கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்து நிமிடம் பொறுங்கள், சில ஷேடுகள் காய்ந்ததும் கொஞ்சம் கருக்கும். தோலோடு தோலாக மறைகிற கோடுதான் உங்களுடையது.

முன்பு நம் நிறத்துக்குக் கிடைப்பதே அரிது, உண்மைதான். 2017-இல் ஃபென்டி பியூட்டி என்ற மேக்கப் கம்பெனி 40 ஷேடுகளோடு வந்தபின் மற்ற கம்பெனிகளும் அடர் நிறங்களைக் கூட்டின. கேட்டு வாங்குங்கள்.

கருவளையத்துக்கும் வெளுப்பு வேண்டாம். கருமையை மட்டுப்படுத்தும் ஆரஞ்சு நிறப் பூச்சான கரெக்டரை மெல்லிசாக வைத்து, மேலே உங்கள் ஷேடையே ஒற்றி எடுங்கள்.