ஒலிக்கான விருது வரும்போது எழுந்து போகாதீர்கள்

ஆஸ்கர் விழாவை நண்பர்களோடு உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறந்த நடிகர், சிறந்த படம் இதையெல்லாம் எப்படியும் பார்த்துவிடுவீர்கள். அதற்கு முன்னால் எடிட்டிங், ஒலி, ஆடை வடிவமைப்பு, ஆவணக் குறும்படம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருமே, அந்த நேரத்தில் காபி போட எழுந்து போகாதீர்கள். நம் நாட்டுக் கலைஞர்கள் அந்த மேடையில் ஏறியதெல்லாம் அந்த மாதிரிப் பிரிவுகளில்தான். நடிப்புக்கோ, இயக்கத்துக்கோ, சிறந்த படத்துக்கோ இந்தியக் கலைஞர் ஒருவரும் இதுவரை ஆஸ்கர் வாங்கியதில்லை. ஆடை, ஒலி, பின்னணி இசை, பாடல், ஆவணக் குறும்படம், அப்புறம் சத்யஜித் ராய்க்குக் கொடுத்த கௌரவ விருது. நம் கணக்கு இதுதான்.

லாஸ் ஏஞ்சலஸில் ஞாயிறு மாலை என்றால் இங்கே திங்கள் விடிகாலை. எங்கள் கூட்டத்தில் சிலர் முதல் நாள் இரவே வந்து படுத்துவிடுவார்கள். விழா தொடங்குவதற்குள் எல்லாப் பிரிவுகளுக்கும் யார் ஜெயிப்பார்கள் என்று ஆளுக்கொரு தாளில் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். விளம்பர இடைவேளைகளில் சினிமா வினாடி வினா. இந்த விளையாட்டில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சிறந்த நடிகைக்குப் பெரும்பாலும் எல்லோரும் ஒரே பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். மார்க்கில் வித்தியாசம் வருவது குறும்படங்களிலும் ஒலியிலும் எடிட்டிங்கிலும்தான். ஜெயிக்க வேண்டுமென்றால் அந்தப் படங்களைத் தேடிப் பார்த்தாக வேண்டும். அப்படித் தேடிப் பார்த்தே எங்களில் இரண்டு மூன்று பேர் ஆவணப்படப் பைத்தியமாகிவிட்டார்கள்.

சாலிகிராமத்தில் டப்பிங் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் உண்டு. ஒலிக்கான பரிந்துரைகளைத் திரையில் காட்டும்போது யாராவது பேசினால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். "டேய், யாரு ஜெயிச்சான்னு அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அந்த க்ளிப்ப கேளுங்கடா" என்பான். ஒலித்தொகுப்பு வேறு, ஒலிக்கலவை வேறு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். தேவையான சத்தங்களைச் சேகரிப்பது, உருவாக்குவது, படத்தோடு பொருத்துவது தொகுப்பு. வசனம், இசை, மழை, காலடி, தூரத்து ரயில் எல்லாவற்றையும் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவுசெய்து ஒன்றாகச் சேர்ப்பது கலவை. முன்பு இரண்டுக்கும் தனித்தனி ஆஸ்கர் இருந்தது. 2021 விழாவிலிருந்து இரண்டையும் ஒரே விருதாக்கிவிட்டார்கள்.

பரிந்துரை எப்படி முடிவாகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு இந்த விருதுகள் மேல் எனக்கு மரியாதை கூடியது. பெரும்பாலான பிரிவுகளில் பரிந்துரை செய்வது அந்தந்தத் தொழில்காரர்கள். எடிட்டர்களை எடிட்டர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒளிப்பதிவாளர்களை ஒளிப்பதிவாளர்கள். கடைசிச் சுற்றில்தான் ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியின் எல்லா உறுப்பினர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். அதனால் விருது கிடைக்காவிட்டாலும் பரிந்துரைப் பட்டியலில் ஒரு பெயர் வந்துவிட்டால், உன் வேலையின் நுணுக்கம் தெரிந்தவர்கள் உன்னைக் கவனித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் போனவர் பானு அத்தையா. கோலாப்பூர்க்காரர். 1983 ஏப்ரலில், 'காந்தி' படத்துக்கு ஜான் மோலோவோடு சேர்ந்து ஆடை வடிவமைப்புக்கான விருதை வாங்கினார். ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் அவர். அதே படத்தின் இசைக்காகப் பண்டிட் ரவிசங்கரும் ஜார்ஜ் ஃபென்டனும் பரிந்துரையில் இருந்தார்கள், கிடைக்கவில்லை. முதல் ஆஸ்கரை வாங்கிய இந்தியர் யார் என்று கேட்டால் இன்றைக்கும் சட்டென்று ராய் அல்லது ரஹ்மான் என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். ஒரு தேசத்தின் சுதந்திரப் போராட்டம் முழுவதற்கும், தென்னாப்பிரிக்காவில் கோட்டு சூட்டில் தொடங்கி நாலு முழ வேட்டி வரை, துணி தேர்ந்தெடுத்தவரின் பெயர் பள்ளிக்கூட வினாடி வினாவில்கூட எப்போதாவதுதான் வருகிறது. தனக்குப் பின்னால் அந்தச் சிலையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று 2012-ல் அதை அகாடமியிடமே திருப்பி ஒப்படைத்தார். 2020-ல் காலமானார்.

2009 எல்லோருக்கும் நினைவிருக்கும். ரஹ்மான் பின்னணி இசைக்கான விருதை வாங்கியபோதுதான் அந்த மேடையில் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் சொன்னார். பாடலுக்கான விருது, குல்சாரோடு சேர்ந்து, அதற்கப்புறம் வந்தது. அதே இரவில் ஒலிக்கலவைக்காக, கொல்லம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போன ரசூல் பூக்குட்டி, வேறு இருவரோடு மேடையேறினார்.

இப்போது 2022-க்கு வருகிறேன். அந்த வருடம் விழா நீளமாக இருக்கிறது, பார்ப்பவர்கள் குறைகிறார்கள் என்று சொல்லி 8 பிரிவுகளை நேரலை தொடங்குவதற்கு முன்பே கொடுத்து முடித்தார்கள். அதைச் சுருக்கி, வெட்டி, நடுநடுவே ஒட்டிக் காட்டினார்கள். எந்த 8? எடிட்டிங், பின்னணி இசை, ஒலி, கலை இயக்கம், ஒப்பனை, அப்புறம் மூன்று குறும்பட விருதுகள். இந்த ஏற்பாடு 2009-ல் இருந்திருந்தால் ரஹ்மான் பேசிய அந்தத் தமிழ் வரியை நாம் நேரலையில் கேட்டிருக்கவே முடியாது. பூக்குட்டியின் நன்றியுரை ஒரு துண்டாகத்தான் கிடைத்திருக்கும்.

ஜான் வில்லியம்ஸ், ஜேம்ஸ் கேமரூன் உட்பட 70-க்கும் மேற்பட்ட சினிமாக்காரர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். அகாடமி கேட்கவில்லை. 'டூன்' அன்றைக்கு வாங்கிய 6 விருதுகளில் 4, நேரலையில் யாருமே பார்க்காதவை. சரி, விழாவாவது சுருங்கியதா? மூன்றரை மணி நேரத்தைத் தாண்டித்தான் முடிந்தது. வெட்ட வேண்டியது எடிட்டர்களின் நிமிடங்கள் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த வருடம் 23 பிரிவுகளையும் நேரலைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்படித் திரும்பி வந்த பிரிவுகளில் ஒன்றில்தான் நீலகிரியின் தெப்பக்காடு முகாமில், பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த கதையைச் சொல்லும் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' என்ற ஆவணக் குறும்படம் ஜெயித்தது. சுமார் 40 நிமிடம், பெரும்பகுதி தமிழ். 'நாட்டு நாட்டு' கொண்டாட்டத்தில் அது கொஞ்சம் பின்னுக்குப் போனது என்பது வேறு. எனக்கு இன்றும் ஆறாதது, இயக்குநர் கார்த்திகி கொன்சால்வஸ் பேசி முடித்ததும் தயாரிப்பாளர் குனீத் மோங்கா வாயைத் திறப்பதற்குள் இசையைப் போட்டு அவரை இறக்கியதுதான். இந்தியத் தயாரிப்பு ஒன்று அந்தப் பிரிவில் முதல்முறையாக ஜெயித்த இரவு அது. ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம்.

2017 விழா என்றதும் எல்லோரும் கவர் மாறிப்போன கதையைத்தான் சொல்வார்கள். விஷயம் எளிமையானது. மேடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விருதுக்கும் ஒரு கவர் தயாராக இருக்கும், ஆக எல்லாமே இரட்டைப் பிரதி. சிறந்த நடிகைக்கான விருது ஒரு பக்கத்துக் கவரிலிருந்து அறிவிக்கப்பட்டுவிட்டது. மறுபக்கத்தில் மிச்சமிருந்த அதன் இரட்டையைச் சிறந்த படத்துக்கான கவர் என்று, விருதை அறிவிக்க வந்த நடிகர் வாரன் பீட்டியிடம் கொடுத்துவிட்டார்கள். அவரோடு வந்த நடிகை ஃபே டனவே 'லா லா லேண்ட்' என்று அறிவித்தார். அந்தப் படத்தின் தயாரிப்பாளரே மைக்கில் வந்து, ஜெயித்தது நாங்கள் இல்லை, 'மூன்லைட்' என்று அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

ஆனால் அதே இரவில் கெவின் ஓ'கானல் ஜெயித்தார் என்பதை எங்கள் நண்பன் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஒலிக்கலவைக் கலைஞர். முதல் பரிந்துரை 1984-ல். அதையும் சேர்த்து 20 முறை பட்டியலில் பெயர் வந்து 20 முறையும் வெறுங்கையோடு திரும்பியவர், 21-வது முறை 'ஹாக்ஸா ரிட்ஜ்' படத்துக்காக வாங்கினார். இந்த வேலையில் தன்னைச் சேர்த்துவிட்ட அம்மாவுக்கு அந்த மேடையிலிருந்து நன்றி சொன்னார். 33 வருடம்! கவர் கதையை நூறு தடவை கேட்டாயிற்று. இந்தக் கதையை யாராவது சொன்னால் இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்பேன்.

வினாடி வினாவுக்கும் இதையேதான் சொல்வேன். அதிக ஆஸ்கர் வாங்கிய படங்கள் எவை? 'பென் ஹர்', 'டைட்டானிக்', 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கடைசிப் பாகம், மூன்றுக்கும் தலா 11. தெரிந்தவன் சொல்லிவிடுவான், பேச்சு அதோடு நின்றுவிடும். நல்ல கேள்வி வேறு மாதிரி. 1952-ல் எடுத்த படத்துக்கு 1973-ல் எப்படிப் போட்டி விருது கிடைத்தது? சார்லி சாப்ளினின் 'லைம்லைட்'. அந்தப் படத்தின் வெளியீட்டுக்கு லண்டன் போகக் கப்பலேறியவரின் மறுநுழைவு அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்தது. கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டிய காலம், பல தியேட்டர்கள் படத்தைத் தொடவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 1972-ல்தான் படம் ஓடியது, ஓடிய பிறகுதான் போட்டிக்குத் தகுதி வந்தது. இசைக்காக விருது. சாப்ளினோடு அதைப் பகிர்ந்துகொண்ட இரண்டு இசைக்கலைஞர்களும் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். இந்த ஒரு கேள்விக்கு எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது.

இன்னொன்று. முதல் ஆஸ்கர் வாங்கிய கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல் என்பது பலருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேளுங்கள். 1940 பிப்ரவரி 29, அம்பாஸடர் ஹோட்டல். கறுப்பினத்தவரை அனுமதிக்காத இடம். தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். தன் படக்குழுவோடு உட்கார முடியாமல், சுவரோரம் ஒரு சிறிய மேஜையில் இருந்துதான் அவர் எழுந்து போய் விருது வாங்கினார். அதே நாள்தான், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை வெற்றியாளர் பட்டியலை விழாவுக்கு முன்பே அச்சிட்டுவிட்டது. இனி ரகசியம் காக்க வேண்டும் என்று 1941-லிருந்து ஒட்டிய கவர் வந்தது. 2017-ல் மாறிப்போனதே, அந்தக் கவரின் ஆரம்பம் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காக்காரன் விருது நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆஸ்கர் ஒன்றும் சர்வதேசத் திரைப்பட விழா இல்லை, ரொம்ப உள்ளூர் சமாச்சாரம் என்று கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோவே சொன்னார். 2020-ல் அவர் படம் 'பாரசைட்' 4 விருதுகளை அள்ளியது. அந்த உள்ளூர்க்காரர்கள் நம் 'தெய்வமகன்' முதல் 'நாயகன்', 'விசாரணை', 'கூழாங்கல்' வரை இந்தியா அனுப்பிய எந்தத் தமிழ்ப் படத்தையும் இறுதிப் பட்டியலில் சேர்த்ததில்லை. அதனால் அந்தப் படங்கள் குறைந்துவிடவில்லை. நான் விழா பார்ப்பது தீர்ப்புக் கேட்க இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க, அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ள. அங்கேயும்கூட முழுதாகத் தெரிவதில்லை. தொழில்நுட்ப விருதுகளைத் தனியாக வேறொரு நாளில் கொடுக்கிறார்கள். தூத்துக்குடியில் பிறந்த கொட்டலங்கோ லியோன் 2016-ல் வாங்கியது அப்படி ஒரு விருதுதான்.

நம் ஊருக்கு வாருங்கள். 'நாயகன்' படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர் யார் என்றால் கமல் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் படத்துக்கு மூன்று தேசிய விருதுகள். மற்ற இரண்டும் ஒளிப்பதிவுக்குப் பி.சி.ஸ்ரீராம், கலை இயக்கத்துக்குத் தோட்டா தரணி. நாம் தாராவி என்று நம்பிப் பார்த்ததில் பெரும்பகுதி சென்னையில் தரணி போட்ட செட். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாமல் போனதற்கு நம் தொலைக்காட்சி விருது விழாக்களுக்கும் பங்கு உண்டு. என்றோ நடந்ததைப் பதிவு செய்து, நடனங்களுக்கு நடுவே ஒளிபரப்புகிறார்கள். கலை இயக்குநர், எடிட்டர், சவுண்ட் இன்ஜினியர், சண்டைப் பயிற்சியாளர் எல்லோரும் சேர்த்துச் சில நொடிகளில் ஓடிவிடுகிறார்கள். சில சமயம் பெயர்கூடத் திரையில் வருவதில்லை. சேனல்காரர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. அவர்கள் வேலை செய்த காட்சியை முப்பது நொடி ஓட்டுங்கள். அது ஒலிக்கான விருது என்றால் அந்த முப்பது நொடியும் அதன் மேல் தொகுப்பாளர் பேச வேண்டாம். பிறகு மைக்கைக் கையில் கொடுத்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். பேசி முடிக்கும்வரை இசையைப் போடாதீர்கள்.