பள்ளிக்கு நூறு வயதாகும்போது யாரிடம் போய்க் கேட்பது?

கடலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நூறு வயதைத் தொட்ட பள்ளிகள் நிறைய இருக்கின்றன. விழா எடுக்கிறார்கள், நல்லது. முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள், சுற்றுச்சுவர் கட்டித் தருகிறார்கள், ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருகிறார்கள். அதெல்லாம் மனமாரப் பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் விழா மலரைப் புரட்டும்போதுதான் மனசு விட்டுப்போகிறது. முன்பகுதி முழுக்க வாழ்த்துச் செய்தி, பின்பகுதி முழுக்க விளம்பரம். நடுவில் 'பள்ளி வரலாறு' என்று ஒன்றரைப் பக்கம். எந்த ஆண்டு தொடங்கியது, எப்போது உயர்நிலைப் பள்ளியானது, எப்போது மேல்நிலைப் பள்ளியானது, தலைமையாசிரியர்களாக இருந்தவர்கள் யார் யார். அவ்வளவுதான். நூறு வருஷமாக அந்தக் கட்டடத்துக்குள் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒரு தடயமும் கிடையாது.

விழாவுக்கு ஒதுக்கும் பணத்திலும் நேரத்திலும் முதல் பங்கு இரண்டு வேலைகளுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. அங்கே படித்த பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வது ஒன்று. பள்ளி பீரோவில் இருக்கும் பழைய பதிவேடுகளைக் காப்பாற்றுவது இன்னொன்று. பந்தல், ஷீல்டு, பொன்னாடை எல்லாம் அதற்கு அப்புறம்.

இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை அரை நாளாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரும் எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டே காமராசர் அரசு அதைக் கைவிட்டது. அரசியல் கதையாக இது எல்லோருக்கும் தெரியும். சரி, அந்த ஒரு வருஷம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்தில் மூன்றாம் வகுப்பு படித்த பிள்ளை மதியத்துக்கு மேல் என்ன செய்தது? தறிக்குழிக்குப் போனதா, ஆடு மேய்த்ததா, இல்லை வாத்தியாருக்குத் தெரியாமல் பள்ளித் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்ததா? இதைச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் இன்று எண்பதைத் தொட்டவர்கள். இன்னும் பத்து வருஷம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

1965-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், அந்த ஆண்டு ஜனவரி 27 அன்று, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவர் பெயர் வரலாற்றில் நின்றது. அந்த வாரம் பள்ளியை விட்டு ஊர்வலம் போன எட்டாம் வகுப்புப் பையன், பின்னாலேயே ஓடிவந்து காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துப் போன அப்பா, இவர்களெல்லாம் எங்கே பதிவானார்கள்? அந்தப் பையனுக்கு இன்று எழுபதுக்கு மேல் ஆகிறது. கடலூர் முதுநகரில் பிறந்து, ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிச் சென்னையில் நடந்த போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போன அஞ்சலையம்மாள் காலமானது 1961-இல். அவரைத் தெருவில் நடந்து போகப் பார்த்த பிள்ளைகளும் அதே வயதுக்காரர்கள்தான். சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் 1959-இல் மறைந்தார். அவர் காலத்திலேயே அங்கே எழுத்துப் படித்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பு, 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவு, நவம்பர் 1-இல் பிரான்சிடமிருந்து ஆட்சி கைமாறியது. இது பாடப்புத்தகத்துக்குப் போதும். அதுவரை, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூரில் இருந்து கடலூருக்கு வரவேண்டும் என்றால் இன்னொரு நாட்டின் எல்லையைத் தாண்டி வரவேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பிரெஞ்சில் எழுத்துப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அடுத்த சில வருஷத்தில் வகுப்பறை எப்படி மாறிப்போனது என்பதை எந்த அரசாணையும் சொல்லாது.

பெரியவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்ப முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிவேட்டை மட்டும் நம்ப முடியுமா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். என் அத்தை ஐப்பசி மழையில் பிறந்தவர், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பிறந்தது ஜூன் முதல் தேதி. நம் தாத்தா பாட்டி தலைமுறையில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டுவிட்டால் வயது வந்துவிட்டது என்று வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுக்கொண்ட காலம் அது. பதிவேடு சொல்வதை நம்பி யாராவது ஆராய்ச்சி செய்தால் தென்னார்க்காட்டில் ஜூன் மாதத்தில் மட்டும் பிரசவம் நடந்தது என்று எழுத வேண்டியதுதான்.

அதே பதிவேட்டில், அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு நேராக, காரணம் என்ற கட்டத்தில் 'நீண்ட நாள் வராமை' என்று இருக்கிறது. அத்தையிடம் உட்கார்ந்து கேட்டேன். தம்பி பிறந்தான், அம்மா நடவுக்குப் போனாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சில நாள் வகுப்பு வாசலில் நின்று பாடம் கேட்டாராம். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லையாம். பிள்ளை அழ ஆரம்பித்ததும் அத்தையே வீட்டுக்கு வந்துவிட்டாராம். பதிவேட்டில் இருக்கும் மூன்று சொல்லும் பொய் இல்லை. அத்தை சொன்னது இல்லாவிட்டால் அந்த மூன்று சொல்லுக்கு அர்த்தமும் இல்லை. அத்தை எந்த வருஷம் நின்றார் என்பது அவருக்கே ஞாபகம் இல்லை, அதைப் பதிவேடுதான் சொன்னது. இரண்டும் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

பதிவேடுகளின் நிலைமை என்ன? நம் ஊரின் மண்ணும் தண்ணீரும் காகிதத்துக்குப் பகை. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட பாட்டைப் பார்த்தோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. 2015 வெள்ளத்தில் மாவட்டமே மிதந்தது. ஒவ்வொரு முறையும் பள்ளிதான் நிவாரண முகாம். ஜனங்கள் தங்குவதற்காக அறையைக் காலி செய்யும்போது பழைய கட்டுகள் எங்கோ ஒரு மூலைக்குப் போகும். அப்புறம் கரையான். கரையான் விட்டதை வெள்ளையடிப்பு முடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஆண்டு ஆய்வுக்காகச் சுத்தம் செய்தபோது பழைய பார்வையாளர் குறிப்பேடு, ஆசிரியர் கூட்டக் குறிப்பு எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நடந்ததை அவர் தமிழில் எழுதிக்கொண்டே வந்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யாருக்கும் யாருக்கும் சண்டை, தேவனாம்பட்டணத்தில் இங்கிலீஷ்காரன் என்ன செய்கிறான் என்ற சேதி, எல்லாமே அதில் உண்டு. அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்குறிப்பு வீட்டில் கிடந்தது. 1846-இல் தான் கால்வா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. யாரும் எடுத்துப் பழைய காகிதம் என்று போடாமல் இருந்ததால் இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பேச்சு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதே புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் சேர்த்துக் காத்த சைவ சித்தாந்த ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. சுவடியைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றத் தெரிந்தவர்கள் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறார்கள். ஊராட்சிப் பள்ளியின் 1920-களின் சேர்க்கைப் பதிவேடும் எனக்கு அதே மரியாதைக்கு உரியதுதான்.

இதில் விழா மலர்கள் தொடவே தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. யார் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், யார் தரையில்? பானையில் யார் மொண்டு குடிக்கலாம், யாருக்குக் கையில் ஊற்றுவார்கள்? 1920-களில் அரசின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிகளைப் பெரியவர்கள் 'லேபர் ஸ்கூல்' என்பார்கள். பொதுப் பள்ளி இருக்கும்போது அந்தப் பள்ளி ஏன் தேவைப்பட்டது என்பதுதான் நம் ஊர் வரலாறு. அதைக் கேட்காமல் 'அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம்' என்று ஒரு பகுதியினரிடம் மட்டும் கேட்டு எழுதினால், அது வரலாறு கிடையாது. சேரித் தெரு, மீனவர் குப்பம், பாதியில் நின்ற பெண்கள், சத்துணவு ஆயா, வாட்ச்மேன், இவர்களிடம் முதலில் போக வேண்டும். கலெக்டரான முன்னாள் மாணவரிடம் நிதானமாகப் போகலாம், அவரைப் பற்றி ஏற்கெனவே பத்திரிகையில் வந்திருக்கும்.

அதே காரணத்துக்காகத்தான் எச்சரிக்கையும் வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் சாதியும் இருக்கிறது. அதை அப்படியே படமெடுத்து முகநூலில் போடுவது பெரும் தவறு, தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்கேன் செய்து பள்ளியிலேயே பத்திரப்படுத்தலாம். பேசியவரிடம் பதிவைத் திருப்பிப் போட்டுக் காட்டி, எதை வெளியிடலாம், எதை வேண்டாம் என்று அவர் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மகன் சம்மதம் போதாது.

வேலை கஷ்டமானது இல்லை, கவனம்தான் வேண்டும். நம் எல்லோர் போனிலும் ரெக்கார்டர் இருக்கிறது. மின்விசிறியை நிறுத்துங்கள், அந்தச் சத்தம் பேச்சைத் தின்றுவிடும். தொடக்கத்திலேயே தேதி, ஊர், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். 'அந்தக் காலம் எப்படி இருந்தது தாத்தா?' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்பார், அதோடு முடிந்தது. எந்த வழியாக நடந்து போவீர்கள், கெடிலம் ஆற்றில் தண்ணீர் வந்தால் என்ன செய்வீர்கள், மதியம் என்ன சாப்பாடு, பால் பவுடர் கொடுத்தார்களா, முதல் செருப்பு எப்போது என்று கேளுங்கள். மணிக்கணக்கில் வரும். அவர் நிறுத்தினால் நாமும் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். பழைய குரூப் போட்டோவுக்கு லேமினேஷன் போடாதீர்கள், படம் கெட்டுவிடும். பின்பக்கம் பென்சிலால் லேசாகப் பெயர்களை எழுதிவையுங்கள். ஒலிப்பதிவை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவைத்தால் போன் மாறும்போது போய்விடும். பள்ளியில் ஒன்று, மாவட்ட மைய நூலகத்தில் ஒன்று, அனுமதி கிடைத்ததை இணையத்தில் ஒன்று என வையுங்கள்.

முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள், ஈழத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையதளத்தைப் பாருங்கள். 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்த சமூகம் அது. 2005-இல் தன்னார்வலர்கள் அந்தத் தளத்தைத் தொடங்கினார்கள். இன்று ஈழத்துப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள்கூட அங்கே படிக்கக் கிடைக்கின்றன. போருக்கு நடுவில் அவர்களால் முடிந்தது, நமக்கு என்ன தடை?

நானும் சில நண்பர்களும் இந்தக் கோடை விடுமுறையில் தொடங்குகிறோம். முதலில் போவது 1953-54-இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்களிடம். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர்ப் பக்கம் உங்கள் வீட்டில் அந்த வயதில் யாராவது இருந்தால், முதலில் அவர்களிடம் பேசச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதித்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். காலையில் பேசப் பிடிக்குமா, சாயங்காலமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதற்கேற்ப வருகிறோம்.