64 ஜிபியில் ஓர் ஒண்டுக்குடித்தனம்

மூன்று ஆண்டுகளாக, 64 ஜிபி சேமிப்பிடம் மட்டுமே உள்ள ஒரு மலிவு விலை மடிக்கணினியோடு காலம் தள்ளி வருகிறேன். சி டிரைவின் பட்டை சிவப்பாக மாறும்போதெல்லாம், தேவையில்லாத போட்டோக்களை அழிக்கும்படி சொல்லாதவர்கள் கிடையாது. நானும் ஏதோ தப்புச் செய்துவிட்டவனைப் போல உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். அழித்து முடித்த பிறகுதான், என் படங்களும் கோப்புகளும் மொத்தமாகச் சேர்ந்தே ஐந்து ஜிபியைத் தாண்டவில்லை என்பது உறைத்தது. வீட்டை அடைத்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்காரரான விண்டோஸே. குடியிருந்தவனைப் போய் சாமான்களைக் குறைக்கச் சொன்னால் எப்படி?

பெட்டியில் 64 என்று அச்சிடுபவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 1024-இன் மடங்குகளில் எண்ணுவதால், அதே 64 திரையில் ஏறத்தாழ 59.6 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதிலிருந்து மீட்புப் பகுதிக்குக் கொஞ்சம் போகிறது, இயங்குதளம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் அப்டேட்டுகளுக்கென்று சுமார் 7 ஜிபி தனியாக ஒதுக்கிவைக்கும் வழக்கமும் புதிய கணினிகளில் வந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. குறைந்தபட்சம் என்று சொல்லப்பட்ட அளவையே முழு அளவாகக் கொடுத்து, "சாதாரணப் பயன்பாட்டுக்குத் தாராளம்" என்று விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒருமுறை பெரிய அப்டேட் ஒன்று, போதிய இடமில்லை என்று மூன்று இரவுகள் தொடர்ந்து பாதியில் நின்றது. பென்டிரைவைச் செருகி அதைத் தற்காலிக இடமாகக் காட்டிய பிறகுதான் நிறைவேறியது. நிறைவேறியதும் இடம் மேலும் குறைந்திருந்தது, ஏனெனில் பழைய பதிப்பு முழுவதும் "விண்டோஸ்.ஓல்டு" என்ற கோப்புறையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. பழைய பதிப்புக்குத் திரும்ப விரும்பினால் உதவட்டும் என்று அதைப் பத்து நாள் வைத்திருந்து, பிறகு கணினி தானாகவே நீக்கிவிடும். காத்திருக்க முடியாதவர்கள் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் சென்று, தற்காலிகக் கோப்புகளின் பட்டியலில் முந்தைய விண்டோஸ் பதிப்பைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் இருக்கும் என்பதால், பார்க்காமல் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடாதீர்கள்.

இதைவிடச் சத்தமில்லாமல் இடம் பிடிப்பது ஹைபர்னேட் கோப்பு. கணினி மின்சாரமே இல்லாமல் உறங்கப் போகும்போது ரேமில் உள்ளவற்றை எழுதிவைக்க, பொதுவாக ரேம் அளவில் 40 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. 8 ஜிபி ரேம் என்றால் மூன்று ஜிபிக்கு மேல். மறைக்கப்பட்ட கோப்பு என்பதால் சாதாரணமாகத் தேடினால் கண்ணில் படாது. நான் ஒரே ஒரு வரிக் கட்டளையில் அதை நிறுத்திவிட்டேன். அதனோடு வேகமாகத் துவங்கும் வசதியும் போய்விடும் என்றாலும், இத்தனை சிறிய கணினியில் சில விநாடிகளைவிட மூன்று ஜிபி எனக்குப் பெரிது. விண்டோஸ் தன் அமைப்புக் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையை மட்டும் யாரும் கையால் தொடக்கூடாது. ஒரே கோப்பு பல இடங்களில் இணைக்கப்பட்டிருப்பதால் அது உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதில் கைவைத்தால் விண்டோஸ் துவங்காமலே போகலாம்.

இடம் காலி செய்து தருவதாக வரும் கிளீனர் மென்பொருள்களை நான் மதிப்பதில்லை. உலாவி தற்காலிகமாகச் சேர்த்துவைத்த கேஷை அழித்துவிட்டு இரண்டு ஜிபி மீட்டதாக மார்தட்டிக்கொள்கின்றன. இரண்டு வாரம் இணையத்தில் உலவினால் அது மறுபடி சேர்ந்துவிடுகிறது. எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று படமாகக் காட்டும் வின்டிர்ஸ்டாட் போன்ற இலவசக் கருவி அதைவிட மேல். அதைத் திறந்த அன்றுதான், ஒரே பிடிஎஃப் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்ற எண்களோடு நான்கு தடவை இறங்கியிருப்பதைப் பார்த்தேன். அந்தக் குற்றம் என்னுடையதுதான், மறுக்கவில்லை.

மேகச் சேமிப்பிலும் ஒரு கண்ணி உண்டு. கோப்பை இணையத்தில் மட்டும் வைத்துக்கொண்டு கணினியில் இடத்தை விடுவிப்பது வேறு, டெலீட் செய்வது வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்து நான் அழித்த கோப்புறை சிறிது நேரத்தில் கைப்பேசியிலும் காணாமல் போனது. இணையத்திலிருந்த குப்பைத்தொட்டியில் தேடி மீட்டெடுத்தேன்.

கடைசியில் ஒருநாள் திருகாணிகளைக் கழற்றி, சேமிப்பகத்தையே மாற்றிவிடலாம் என்று அடிமூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது இஎம்எம்சி என்ற மலிவுவகைச் சேமிப்பகம். விரல்நகம் அளவுள்ள அந்தக் கறுப்புச் சில்லு தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. சில மாடல்களில் இஎம்எம்சி இருந்தாலும் பக்கத்தில் எம்.2 எஸ்எஸ்டி என்ற, தனியாகச் செருகும் சேமிப்பகத்துக்கான காலி ஸ்லாட் ஒன்று இருக்கும், என்னுடையதில் அதுவும் இல்லை. வாங்கும்போது பிராசசர் பெயரையும் ரேம் அளவையும் துருவித் துருவிக் கேட்ட நான், சேமிப்பகத்தைப் பின்னால் மாற்ற முடியுமா என்று கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

இப்போது பாடல்களும் படங்களும் ஒரு மெமரி கார்டில் இருக்கின்றன. வேகம் குறைவு என்பதால் செயலிகளை அதில் போடுவதில்லை. சி டிரைவில் 13 ஜிபி காலியாக இருக்கிறது, பட்டையும் நீலமாகத்தான் தெரிகிறது. அடுத்த பெரிய அப்டேட்டுக்காக அந்தப் பழைய பென்டிரைவை எதையும் ஏற்றாமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.