படலைச் சாத்தி வைத்தால்தான் புல்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். நண்பருக்கு நண்பர், மென்பொருள் வேலை, நல்ல மனிதர். காங்கயம் காளைக்கன்று ஒன்று வாங்கியிருக்கிறாராம். போனில் படம் காட்டினார். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "கன்னு செவப்பா இருக்குதுங்களே, ஏமாத்திட்டாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்புதான். ஆறு மாத வாக்கில் மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக, மாறும். திமிலும் கழுத்தும் கறுத்து வருவதெல்லாம் காளை வளர வளர.

அவருடைய அடுத்த கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. "தீவனம் எந்த கம்பெனிது போடலாமுங்க?"

கன்று எங்கே நிற்கிறது என்று கேட்டேன். கார் நிறுத்துகிற கொட்டகையில். கீழே சிமெண்ட் தளம், மேலே தகரம், கழுத்தில் கயிறு. சந்தையில் நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். அது புல்லை மிதித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

2017 தையில் மெரினாவில் கூட்டம் கூடியதற்குப் பிறகு நாட்டுமாட்டுக்கு ஒரு மரியாதை வந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்பது வருடமாக மாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த மாடு எதைத் தின்று அப்படி ஆனது என்ற பேச்சு ரொம்பக் குறைவு. குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் போல ஒரு சிலர் கொறங்காடு என்கிற எங்கள் மேய்ச்சல் காட்டைப் பற்றிப் பேசினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேனரில் ஏறியது காளை மட்டும்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், கரூர் பக்கமெல்லாம் சரளை கலந்த செம்மண். மழை ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி, பல வருடம் அதற்கும் கீழே. இதில் வெள்ளாமையை மட்டும் நம்பினால் மூன்று வருடத்தில் ஒரு வருடம் பட்டினி. அதனால் ஆட்கள் காட்டை மேய்ச்சலுக்கே விட்டார்கள். விட்டார்கள் என்றால் சும்மா விடவில்லை. சுற்றிலும் முள்கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல் மரம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. புறம்போக்கு அல்ல, பட்டா நிலம். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு கடவு, அதாவது வாசல், அதை அடைக்க ஒரு படல்.

வெள்வேலை எதற்கு விட்டுவைத்தார்கள் என்றால், இலை பொடிசு, நிழல் மெல்லிசு, அதனால் அடியிலும் புல் வரும். பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து சருகாகிவிடும்போது காய் பழுத்து விழும். தொரட்டியால் உலுக்கினால் ஆடும் மாடும் ஓடிவந்து தின்னும். விதை சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்து, அடுத்த மழைக்கு முளைக்கும். யாரும் மரம் நடும் விழா நடத்தவில்லை. (அந்த மரத்துப் பட்டையில் சாராயம் காய்ச்சுவார்கள் என்பது வேறு கதை. ஊரில் பாதிப் பேருக்கு வெள்வேல் என்றால் அதுதான் ஞாபகம் வரும்.)

எங்கள் காடு பன்னிரண்டு ஏக்கர், மூன்று துண்டு. அப்பாரு, அதாவது தாத்தா, இருந்தவரை ஐப்பசி மழை விழுந்ததும் மூன்று படலையும் சாத்திவிடுவார். புல் பச்சைப்பசேல் என்று எழுந்து நிற்கும். கட்டுத்தரையில் மாடு சோளத்தட்டை மென்றுகொண்டு அந்தப் பக்கமே பார்க்கும். எனக்குப் பாவமாக இருக்கும். ஒரு தடவை திறந்துவிடலாமா என்று கேட்டதற்கு, "பூட்டை (கதிர்) வந்து வெத உதுந்த பொறவுதான் தொறக்கோணும் கண்ணு. இப்ப உட்டா அடுத்த வருசம் நீ மண்ணத்தான் மேய்க்கோணும்" என்றார். திறந்த பிறகும் ஒரு துண்டில்தான் மேயும், மற்ற இரண்டும் ஓய்வில் கிடக்கும். முதலில் மாடு, அது நகர்ந்த பிறகு ஆடு. மாடு நாக்கால் சுருட்டி இழுக்கிற ஜாதி, அதனால் ரொம்பத் தாழக் கடிக்க முடியாது. ஆடு ஒட்டக் கடிக்கும். வரிசையை மாற்றினால் மாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. ராத்திரிக்கு ஆட்டுப்பட்டியை இடம் மாற்றி மாற்றிப் போடுவார், எரு ஒரே இடத்தில் குவியாமல் காடு முழுக்கப் பரவும்.

இதைத்தான் இப்போது மறுவுயிர்ப்பு மேய்ச்சல் என்று மூன்று நாள் பயிற்சியாக நடத்துகிறார்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்தக் காணொளிகளில் சில எனக்கே உதவியிருக்கின்றன. 1950களில் பிரான்சில் ஆந்த்ரே வாய்சின் என்று ஒருவர் தன் பண்ணையில் மாடு மேய்வதை உட்கார்ந்து கவனித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். புல்லை அழிப்பது மாட்டின் எண்ணிக்கை அல்ல, மாடு அங்கே இருக்கும் நாட்கள். கடிபட்ட புல் வேரிலும் தூரிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் மறுபடி இலை விடுகிறது. அந்த இளம் இலையையும் மாடு கடித்துவிட்டால் சேமிப்பு தீர்ந்து வேர் சுருங்கும். எங்கள் அப்பாருக்கு வாய்சினைத் தெரியாது. ஆனால் படலைச் சாத்தியதற்கு இதுதான் காரணம்.

ஜிம்பாப்வேக்காரர் ஆலன் சேவரி இன்னும் ஒரு படி மேலே போய், மாட்டை நெருக்கமாக ஓட்டி மேய்த்தால் பாலைவனத்தையே திருப்பிவிடலாம், பருவநிலை மாற்றத்தையே சரிசெய்துவிடலாம் என்று 2013இல் ஒரு டெட் மேடையில் பேசினார். உலகம் முழுக்கப் பரவிய பேச்சு அது. எனக்கு அதில் பாதிதான் ஏறியது. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஓர் அறிக்கை, மேய்ச்சலால் மண்ணில் சேரும் கரி அந்த மாடுகள் விடும் வாயுவை முழுதாக ஈடுகட்டாது என்றது. அதுதான் நியாயமாகப் படுகிறது. என் பன்னிரண்டு ஏக்கர் பூமியைக் காப்பாற்ற வேண்டாம். பன்னிரண்டு ஏக்கரைக் காப்பாற்றிக்கொண்டால் போதும்.

இடையில் ஒரு வேடிக்கை. நாங்கள் விதை கிடைக்காமல் அலையும் இதே கொழுக்கட்டைப் புல்லை அமெரிக்காவில் அரிசோனாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பிடுங்கி எறிகிறார்கள். மேய்ச்சலுக்கென்று கொண்டுபோன புல் சோனோரன் பாலைவனத்துக்குள் புகுந்துவிட்டது. தீயே அறியாத சகுவாரோ கள்ளிகள் நடுவே காய்ந்து நின்று தீயைப் பரப்புகிறது. ஒரு ஊரின் வைத்தியம் இன்னொரு ஊரின் வியாதி. ஆகவே அங்கே இருக்கிற முறையை இங்கே அப்படியே ஒட்டச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்பேன். இங்கே இருப்பதை அங்கே ஒட்டச் சொல்கிறவர்களிடமும்தான்.

சரி, என் பங்குக்கு நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு நான் திருப்பூரில் வேலையில் இருந்தேன். காட்டை வருடக் குத்தகைக்கு விட்டேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, மறக்க முடியுமா அந்த வருடத்தை! குத்தகைக்காரரிடம் நூறு ஆடு இருந்தது, தீவனம் எங்கும் இல்லை. மூன்று படலையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார். நான் பொங்கலுக்கு வந்து பார்த்தபோது புல் தூரே பெயர்ந்து கிடந்தது. அவரைத் திட்டினேன். "ஏனுங்க, அடுத்த வருசம் இந்தக் காடு எனக்குத்தான்னு நீங்க சொன்னீங்களா? மிச்சம் உட்டு நான் யாருக்கு வெக்கிறதுங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பதினோரு மாதத்துக்குக் காட்டைக் கொடுத்துவிட்டு முப்பது வருடத்துப் புத்தியை அவரிடம் எதிர்பார்த்தது நான்தான்.

அடுத்த மழைக்குப் புல் வரவேண்டிய இடத்தில் நெருஞ்சியும் ஆவாரையும் வந்தன. வேலி சந்தில் சீமைக்கருவேலம் தலை நீட்டியது. அதைத் தூரோடு தோண்டியெடுத்து, உழுது, சோளத்தோடு கொழுக்கட்டை விதையைக் கலந்து விதைத்து, பழைய தரத்துக்கு வர நான்கு வருடம் ஆயிற்று. ஒரே ஒரு வறட்சியில் போனது அது.

இதை எல்லாம் முன்னோர் விஞ்ஞானம் என்று கும்பிட்டுவிட்டுப் போவதும் எனக்குப் பிடிக்கவில்லை. கொறங்காடு ஓடியதற்குக் காரணம் ஞானம் மட்டுமல்ல, நிலம். ஒரு துண்டைச் சும்மா போட்டு வைக்க வேண்டுமானால் மூன்று துண்டாவது வேண்டும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் காங்கயம் இனத்தை அத்தனை தரமாக ஆக்கினார் என்றால், அவர் மந்தைக்கு அத்தனை காடு இருந்தது. கிளுவை வேலி மாட்டை உள்ளே வைத்த மாதிரியே நிலமில்லாதவர்களின் ஆட்டை வெளியே வைத்தது. அவர்கள் மேய்த்தது இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில்தான். இன்று அந்த இட்டேரிகள் பலவற்றில் தார் போட்டாயிற்று, வேலியை ஜேசிபி தள்ளிவிட்டுக் கம்பி போட்டாயிற்று. கௌதாரி போனதைப் பற்றி எழுதுகிறோம். அந்த ஆடுகள் எங்கே போயின என்று யாரும் எழுதுவதில்லை.

அப்புறம் சந்தை. கவலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கவும் வண்டி இழுக்கவும் எருது வேண்டியிருந்தது, கண்ணபுரம் சந்தைக்கும் அந்தியூர் சந்தைக்கும் ஆட்கள் தூர தூரத்திலிருந்து வந்தார்கள். மோட்டாரும் டிராக்டரும் வந்தபிறகு எருதுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத மாட்டுக்கு எதற்குப் பன்னிரண்டு ஏக்கர்? ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தென்னை வைத்தார்கள். காற்றாலைக்கும் சூரிய மின்தகட்டுக்கும் கொடுத்தார்கள். என் சொந்த மச்சானே கொடுத்திருக்கிறான், வருடா வருடம் பேசின பணம் வந்துவிடுகிறது. ஆட்டுக் குத்தகையில் அந்தப் பணத்தில் கால்வாசி வராது. அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. என் காட்டை மேம்படுத்த ஒரு வங்கியில் கடன் கேட்டபோது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் ஊர்க் கணக்கான அடங்கலைப் பார்த்துவிட்டு "இது தரிசுதானுங்களே" என்றார்கள். நான்கு வருடம் பாடுபட்டு வளர்த்த புல்லுக்குத் தாளில் பெயர் தரிசு.

இந்த 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. கருத்தரங்கம் நடக்கும், நடக்கட்டும். எனக்கு வேண்டியது இரண்டுதான். கொறங்காடு என்று ஒரு வகை அடங்கலில் ஏறவேண்டும், புல்லையும் பயிராக எண்ணவேண்டும். நில உரிமையாளர்கள், நான் உட்பட, வருடக் குத்தகையை விட்டுவிட்டு மூன்று, ஐந்து வருடத்துக்கு எழுதித் தரவேண்டும். முதலாவது அரசாங்கத்தின் கையில். இரண்டாவது நம் கையில், நாளைக்கே செய்யலாம். நான் செய்துவிட்டேன். அதே குத்தகைக்காரர்தான், ஐந்து வருடம், ஐப்பசியிலிருந்து விதை உதிரும்வரை படல் சாத்தி இருக்கவேண்டும் என்று நிபந்தனை. அதற்காகக் குத்தகையில் கால்வாசி குறைத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூர்க்காரரிடமும் இதையேதான் பேசினேன். முதலில் எனக்கு அவர் மேல் எரிச்சல்தான். பிறகு யோசித்தால், இன்றைக்குக் காங்கயம் கன்றுக்குக் காசு கொடுத்து வாங்குகிற ஆள் அவரைப் போன்றவர்தான். எருது வாங்கிய குடியானவன் இடத்தில் இப்போது அவர் நிற்கிறார். மாட்டுக்குக் கொடுக்கிறவர் புல்லுக்கும் கொடுக்கட்டுமே. "கன்றை மாசி முடிய என் காட்டில் விடுங்கள், மேய்ச்சல் கூலி கொடுங்கள், ஞாயிறு ஞாயிறு வந்து பாருங்கள்" என்றேன். அடுத்த வாரமே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கயிற்றை அவிழ்த்துவிட்டதும் கன்று போகவில்லை. இரண்டு நாளும் படலுக்குப் பக்கத்திலேயே, தீவன வாளி வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றது. குத்தகைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேயவே தெரியிலீங்களே" என்றார். மூன்றாம் நாள் அவருடைய கிழட்டுப் பசு ஒன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனது. இப்போது வாய் முழுக்கக் கொழுக்கட்டைச் சுணை ஒட்டிக்கொண்டு திரிகிறது. மாதம் 1,000 ரூபாய் பேசியிருக்கிறோம். அதில் பாதி குத்தகைக்காரருக்கு. ரொம்பக் குறைவாகப் பேசிவிட்டேன் என்று வீட்டில் தினமும் திட்டு விழுகிறது.