வாசனை ரோஜா இங்கேயும் பூக்கும்

"குளிர் இல்லாததால் சிங்கப்பூரில் பழைய வாசனை ரோஜா எதுவும் பூக்காது" என்று ஓர் அக்கா எழுதியிருப்பது பாதிதான் சரி. காலிக்கா, ஆல்பா போன்ற ஐரோப்பிய வகைகளுக்குத்தான் குளிர்காலம் வேண்டும். சீன ரோஜா, டீ ரோஜா என்ற பழைய வகைகளுக்கு அது தேவையே இல்லை. 1857-இல் வந்த 'டச்சஸ் டி பிரபாண்ட்' என்ற டீ ரோஜாவின் மணம் அவ்வளவு அருமை! மாலையில் கட்டும் பன்னீர் ரோஜாவும் தமிழ்நாட்டு வெயிலில் விளைவதுதானே?

இங்கே உண்மையான எதிரி ஈரப்பதம். இலையில் கரும்புள்ளி நோய் வந்து செடியே மொட்டையாகிவிடும். அதனால் காலையில், மண்ணுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரம் என்றால், 6 மணி நேரமாவது வெயில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், பூவைக் காலையிலேயே முகர்ந்து பாருங்கள். மதிய வெயிலில் மணம் குறைந்துவிடும்.